வேகம் குறைந்தால் மட்டும் போதாது: இணையப் பாகுபாட்டைப் பிடிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஏதாவதொரு ரீலோட் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "இரவு எட்டு மணி தாண்டினா யூடியூப் சுத்திக்கொண்டே நிக்குது. ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாத்தா மட்டும் நாப்பது காட்டுது. வேணுமெண்டே குறைக்கிறாங்கள்." சொல்பவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருப்பது சந்தேகம்தான், சான்று அல்ல. சந்தேகத்தைச் சான்றாக மாற்றுவது எப்படி என்பதில்தான் கடந்த பதினைந்து இருபது வருடங்களாக ஆய்வாளர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த கருவிகள் கெட்டித்தனமானவை. கொழும்பில் நடக்கும் பாகுபாட்டின் பெரும் பகுதி அந்தக் கருவிகளின் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல்.

கொள்கை எளியது. இணைப்புத் தரும் நிறுவனம் தன் வழியாகப் போகும் தரவு யாருடையது, எந்தச் செயலிக்குரியது என்று பார்த்து வேறு வேறாக நடத்தக் கூடாது. அமெரிக்கச் சட்ட அறிஞர் டிம் வூ 2003இல் எழுதிய கட்டுரையோடு 'வலையமைப்பு நடுநிலை' என்ற பெயர் பரவியது. சிலி 2010இல் அதைச் சட்டமாக்கியது, ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் விதி இயற்றியது. அமெரிக்கா 2015இல் கொண்டுவந்து, 2017இல் நீக்கி, 2024இல் மீண்டும் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் பறிகொடுத்தது. சட்டக் கதை இவ்வளவு போதும்.

மீறல்களிலேயே சுலபமாகப் பிடிபடுவது அடைப்பு. 2005இல் மேடிசன் ரிவர் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம், தன் வியாபாரத்துக்குப் போட்டியாக வந்த வோனேஜ் இணையத் தொலைபேசியின் வழியை மூடியது. அழைப்பு போகவேயில்லை என்றால் விவாதிக்க என்ன இருக்கிறது? 15,000 டொலர் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டது. நமக்கும் அடைப்பு புதிதல்ல. திகன வன்முறையை ஒட்டி 2018 மார்ச்சில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு 2019 ஏப்ரலில், அப்புறம் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் ஊரடங்கோடு சேர்த்து, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இங்கே நின்றன. அரசு சொல்லி அடைப்பதும் நிறுவனம் தன் லாபத்துக்காக அடைப்பதும் சட்டத்தில் வேறு வேறு. அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ஊனி போன்ற இலவசச் செயலி, உங்கள் இணைப்பிலிருந்து ஒரு தளத்தின் முகவரியைக் கேட்கும், இணைய முயலும், என்ன பதில் வந்தது என்று குறிக்கும். அதே வேலையை அடைப்பில்லாத இன்னோர் இடத்திலிருந்தும் செய்து இரண்டையும் ஒப்பிடும். அங்கே திறந்து இங்கே மட்டும் தொடர்ந்து திறக்காவிட்டால், அது எந்தப் படியில் முறிகிறது என்பதும் பதிவாகும்.

அடைக்காமல் தடுமாற வைப்பதுதான் கடினமான வகை. அதில் முதலில் பெரிதாகப் பிடிபட்டது அமெரிக்க இணைய நிறுவனமான கொம்காஸ்ட். 2007இல் ரொப் டொபோல்ஸ்கி என்ற அதன் வாடிக்கையாளர், நாலு பேர் வாத்தியமில்லாமல் சேர்ந்து பாடும் 'பார்பர்ஷாப்' வகைப் பழம்பாட்டுகளை, கணினிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கோப்பு பரிமாறும் பிட்டொரென்ட் வழியாகப் பகிர்ந்துகொண்டிருந்தார். காப்புரிமை காலாவதியான பாட்டுகள், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பகிர்வு அடிக்கடி செத்துப்போனது. வேறொருவராக இருந்தால் ரவுட்டரை ஒரு தரம் அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்திருப்பார். இவர் வலையமைப்பு தெரிந்தவர். இணையத்தில் தரவு 'பொதி' எனப்படும் சிறு துண்டுகளாகத்தான் போய்வரும். தன் கணினிக்கு வரும் அந்தப் பொதிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். இணைப்பை உடனே துண்டிக்கச் சொல்லும் 'ரீசெட்' பொதிகள் மறுமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தன. அல்லது மறுமுனையிலிருந்து வருவது போல வந்துகொண்டிருந்தன.

அந்த 'போல'வை உறுதிசெய்வதற்கு இரண்டு முனையும் கையில் வேண்டும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதே வருடம் ஒக்டோபரில் அதைச் செய்தது. பகிர்வதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கிங் ஜேம்ஸ் பைபிள். திருட்டுப் படம் என்று யாரும் வாய் திறக்க முடியாத கோப்பு, நல்ல தெரிவு. இரண்டு கணினிகளுக்கும் 'மற்றவர் துண்டித்துவிட்டார்' என்ற செய்தி வந்தது. இரண்டுமே அப்படியொரு செய்தியை அனுப்பியிருக்கவில்லை. நடுவில் இருந்த யாரோ இருவர் பெயரிலும் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. எதையும் அடைக்கவில்லை என்று முதலில் சொன்ன நிறுவனம், பிறகு 'தாமதப்படுத்துகிறோம்' என்றது. அமெரிக்க ஒழுங்குபடுத்தல் ஆணையம் 2008 ஓகஸ்டில் அதற்கு எதிராக ஆணையிட்டது. 2010இல் நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமில்லை என்று ஆணையைத் தள்ளிவிட்டது. ஆனால் பொதிகள் போலி என்ற முடிவு அப்படியே நின்றது.

இவ்வளவு அப்பட்டமாக இப்போது யாரும் செய்வதில்லை. பொய்ப் பொதி அனுப்பாமல், ஒரு செயலியின் பொதிகளை மட்டும் கொஞ்சம் காக்கவைக்கலாம், அல்லது இடைக்கிடையே ஒன்றிரண்டைக் கைவிடலாம். பார்ப்பவருக்கு அது வெறும் 'மெதுவான இணையம்'. மெதுவான இணையத்துக்கோ கொழும்பில் காரணம் பஞ்சமில்லை. இராமகிருஷ்ண வீதியின் தொடர்மாடிகளில் எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தை இழுக்கிறார்கள். பக்கத்து வீட்டு வைஃபை உங்களுடையதோடு மோதுகிறது. கொங்கிரீட் சுவர் அலையை விழுங்குகிறது. கேட்ட வீடியோ உள்நாட்டுச் சேமிப்பு சர்வரில் இல்லாமல் கடலடிக் கேபிள் வழியாக வருகிறது. இத்தனைக்கும் நடுவே வேண்டுமென்று செய்த ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

ஸ்பீட் டெஸ்ட் இதற்கு உதவாது, சில சமயம் ஏமாற்றவும் செய்யும். சோதனை சர்வர் பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அது காட்டும் நாற்பது, வீட்டிலிருந்து அந்த சர்வர் வரைக்குமான நாற்பதுதான். சோதனை நடப்பதை நிறுவனம் அடையாளம் கண்டு அதற்கு மட்டும் வழிவிடவும் முடியும். அதோடு, சில கட்டுப்பாட்டு முறைகள் முதல் சில செக்கன்களுக்கு முழு வேகம் விட்டுப் பிறகுதான் பிடியை இறுக்கும். குறுகிய சோதனை அந்த ஆரம்ப வேகத்தை மட்டும் அளந்துவிட்டுப் போய்விடும். நெட்பிளிக்ஸ் 2016இல் தன் சொந்த வீடியோ சர்வர்களிலிருந்தே வேகத்தை அளக்கும் பாஸ்ட் டொட் கொம் தளத்தைத் திறந்தது. வீடியோவைக் குறைத்தால் அந்தச் சோதனையும் குறையும். நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு சோதனைக்கும் இடையில் வித்தியாசம் வந்தால் அது பாகுபாடா, பாதை வேறானதாலா என்று அது சொல்லாது.

அப்படியானால், தரவை மறைத்து வேறொரு சர்வர் ஊடாக அனுப்பும் விபிஎன் போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். விபிஎன் போட்டதும் யூடியூப் ஓடினால் 'பிடிச்சிட்டம்' என்று படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிடுவார்கள். எனக்கு இந்த முறையில் நம்பிக்கையில்லை. விபிஎன் தரவை மறைப்பது மட்டுமல்ல, அது போகும் வழியையே மாற்றுகிறது. நெரிசலான ஒரு வழியைச் சுற்றிக்கொண்டு சிங்கப்பூர் ஊடாக வந்ததால் வேகம் கூடியிருக்கலாம். மறுபக்கம், விபிஎன் எல்லாவற்றையுமே நிறுவனம் குறைத்து வைத்திருந்தால், உண்மையான பாகுபாடும் கண்ணில் படாமல் போகும். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் எது காரணம் என்று சொல்ல முடியாது.

ஆக, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஜெர்மனியின் மக்ஸ் பிளாங்க் மென்பொருள் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'கிளாஸ்நோஸ்ட்' இதைத்தான் செய்தது. ஒரே கணினிக்கும் ஒரே சர்வருக்கும் இடையில் முதலில் பிட்டொரென்ட் போலத் தெரியும் தரவை அனுப்பும், அடுத்து அதே அளவில் அர்த்தமில்லாத தரவை அனுப்பும். பாதை, சர்வர், பொதிகளின் அளவு எல்லாம் ஒன்று. உள்ளே இருப்பதன் தோற்றம் மட்டும் வேறு. முதலாவது மட்டும் திரும்பத் திரும்ப மெதுவானால், தோற்றத்தைப் பார்த்துத்தான் யாரோ மெதுவாக்குகிறார்கள்.

அமெரிக்காவின் நோர்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சொஃப்னஸ் குழு உருவாக்கிய 'வீஹி' செயலி இதே யோசனையைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது. ஐபோனின் செயலிக் கடையில் 2018 ஜனவரியில் அதை முதலில் நிராகரித்தார்கள், செய்தியாகிச் சலசலப்பு எழுந்ததும் அனுமதித்தார்கள். பிரான்சின் ஒழுங்குபடுத்தல் அமைப்பான ஆர்செப் அதே வருடம் அதைத் தன் நாட்டு மக்களிடம் கொண்டுபோனது. நெட்பிளிக்ஸோ யூடியூபோ உண்மையில் ஓடும்போது போய்வரும் பொதிகளை ஆய்வாளர்கள் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். செயலி அந்தப் பதிவை அவர்களது சர்வரிலிருந்து உங்கள் கைபேசிக்கு ஒருமுறை அப்படியே ஓட்டும். பிறகு அதே பதிவை, 0 எல்லாம் 1 ஆகவும் 1 எல்லாம் 0 ஆகவும் புரட்டி இன்னொருமுறை ஓட்டும். புரட்டிய பதிவைப் பார்க்கும் எந்த இயந்திரத்துக்கும் அது யூடியூப் என்று தெரியாது. ஒரே உறவுக்காரர் ஒரே நாளில் ஒரே கடைக்கு ஒருமுறை வேட்டியும் ஒருமுறை கால்சட்டையும் போட்டுக்கொண்டு போய், எந்த விலை சொல்கிறார்கள் என்று பார்ப்பது மாதிரி.

ஒரு ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கைபேசி அலையின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இரண்டாவது ஓட்டத்தின் நடுவே கீழே ஒரு பஸ் வந்து நின்றாலே அதிலிருக்கும் ஐம்பது பேரின் கைபேசிகளும் அதே கோபுரத்துக்குள் வந்துவிடும். அதனால் சராசரியை ஒப்பிடாமல், ஓட்டம் முழுவதும் எடுத்த வேக அளவுகளின் பரவலை ஒப்பிடுகிறார்கள். கொல்மொகொரொவ்–ஸ்மிர்னொவ் என்ற பழைய புள்ளிவிபரச் சோதனை இதற்குக் கைகொடுக்கிறது. வித்தியாசம் தென்பட்டால் மறுபடி ஓட்டுவார்கள். பாகுபாடு இருந்தால் அது எவ்வளவு தரம் ஓட்டினாலும் அதே இடத்தில் வந்து நிற்கும், தற்செயல் அப்படி நிற்காது. குறைக்கப்பட்ட வேகத்தின் வரைபடம் இதில் தனி அழகு. நெரிசலில் கோடு ஏறி இறங்கித் தள்ளாடும். நிறுவனம் பூட்டு போட்டிருந்தால் செக்கனுக்கு 1.5 மெகாபிட் போல ஓர் எண்ணில் ஏறி, அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போகும்.

இந்தக் குழு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை அலசி 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்கக் கைபேசி நிறுவனங்கள் பல, வீடியோவை நெரிசல் நேரத்தில் மட்டுமல்ல, ஊர் உறங்கும் நேரத்திலும் குறைத்துக்கொண்டிருந்தன. 'நெரிசலைச் சமாளிக்கத்தான் செய்கிறோம்' என்ற வாதத்துக்கு அதுதான் பதில். அளப்பதன் பயன் இதில்தான் என்று நினைக்கிறேன். குறைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், நிறுவனம் சொன்ன காரணம் பொய் என்பது அளந்தவருக்குத்தான் தெரியும்.

வீஹிக்கும் எல்லை உண்டு. பொதியின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல், அது எந்த சர்வர் முகவரியிலிருந்து வருகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு நிறுவனம் குறைத்தால் வீஹி கண்டுபிடிக்காது, ஏனென்றால் அதன் தரவு வருவது ஆய்வாளர்களின் சர்வரிலிருந்து. முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த பெரிய செயலிகளைத்தான் அதனால் சோதிக்க முடியும். கொழும்பில் ஒரு பையன் எழுதிய தமிழ்ப் பாடச் செயலிக்கு என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. இன்னொன்று, நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும் வாசல். 2013இலும் 2014 தொடக்கத்திலும் அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் திணறியபோது யாரும் அதன் பொதிகளைத் தேடிப் பிடித்துக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை. நிரம்பி வழிந்த வாசலை அகலப்படுத்தாமல் விட்டதே போதுமாக இருந்தது. நெட்பிளிக்ஸ் 2014 பெப்ரவரியில் கொம்காஸ்ட்டுக்குக் காசு கொடுக்க உடன்பட்டதும் வீடியோ சீராகியது.

இந்த வகையைப் பிடிக்க வழியைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். இதற்குக் கொழும்பிலேயே முன்னோடி உண்டு. இங்கே இயங்கும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் சென்னை ஐஐடியோடு சேர்ந்து அகலப்பட்டை இணைப்புகளை அளந்தபோது, வெறும் வேகத்தோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் சொந்த சர்வர் வரை எவ்வளவு, வெளிநாட்டு சர்வர் வரை எவ்வளவு என்று பிரித்து, நாளின் வெவ்வேறு நேரங்களில் அளந்தது. கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களை நம்பியிருக்கும் தீவுக்கு இந்தப் பிரிப்பு ரொம்ப முக்கியம். முதல் துண்டு நன்றாக இருந்து கடைசித் துண்டு மட்டும் விழுந்தால், குற்றவாளி உங்கள் ரவுட்டர் அல்ல.

சரி, ரீலோட் கடைக்குத் திரும்பினால் அங்கே பாகுபாடு ஒளித்துச் செய்யப்படுவதில்லை, பலகையில் எழுதி விற்கப்படுகிறது. யூடியூபுக்கு ஒரு பேக்கேஜ், பேஸ்புக்குக்கு ஒன்று, வட்ஸ்அப்புக்கு ஒன்று. கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று ஸூம் பேக்கேஜ்களும் வந்தன. வேகத்தை அளக்கும் எந்தக் கருவியும் இங்கே 'வித்தியாசமில்லை' என்றுதான் சொல்லும், ஏனென்றால் வேகம் ஒன்று, வேறுபடுவது விலை. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் அமைப்பான ட்ராய் 2016 பெப்ரவரியில் தடைசெய்தது இதைத்தான். சில தளங்களை மட்டும் டேட்டாக் காசில்லாமல் திறக்கவிட்ட பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' அங்கே நின்றது அதனால்தான். ஐரோப்பிய நீதிமன்றமும் 2021 செப்டெம்பரில், சில செயலிகளை மட்டும் டேட்டாக் கணக்கிலிருந்து விடுவிக்கும் பேக்கேஜ்கள் விதிக்கு முரண் என்றது.

யூடியூபுக்கு மட்டும் தனிக் கணக்கு வைப்பதற்கு, எது யூடியூப் என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், இணைப்பு தொடங்கும்போது கைபேசி தான் தேடும் தளத்தின் பெயரைப் பெரும்பாலும் திறந்த எழுத்தில் சொல்கிறது. அந்தப் பெயரையும் சர்வர் முகவரியையும் வைத்தே கணக்குப் பிரியும். நம்மூர்ப் பொடியங்கள் இதை ஆய்வுக் கட்டுரை எதையும் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள். டெலிகிராமில் விற்கும் 'வி2ரே' இணைப்புகள், எல்லாத் தரவையும் ஸூம் என்ற பெயருக்குள் ஒளித்து ஸூம் பேக்கேஜில் ஓட்டும் தந்திரம்தான். விதிமீறல் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அந்தத் தந்திரம் பலிக்கிறது என்பதே வெளிப்பெயரைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று.

விலைப் பாகுபாட்டை அளக்க மீட்டர் வேண்டாம், மீதியைப் பார்த்தால் போதும். ஒரு ப்ரீபெய்ட் சிம்மில் சாதாரண டேட்டாவும் ஒரு செயலிப் பேக்கேஜும் போட்டுக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்து, மற்ற எல்லாச் செயலிகளின் பின்னணி டேட்டாவையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கூகுள் பிளே நடுவில் புகுந்து கணக்கைக் கெடுக்கும். இரண்டு மீதியையும் எழுதிக்கொண்டு, பேக்கேஜில் அடங்கும் செயலியில் ஏறத்தாழ 100 எம்பி செலவழியுங்கள். மீதிக் கணக்கு உடனே புதுப்பிக்கப்படாது, ஆகவே கொஞ்சம் பொறுத்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். கைபேசியின் சொந்தக் கணக்குக்கும் நிறுவனம் கழித்ததற்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் செய்தி இருக்கிறது. விளம்பரங்கள் எந்தக் கணக்கில் விழுந்தன? பேஸ்புக் பேக்கேஜில் ஒரு தமிழ்ச் செய்தி இணைப்பைத் தொட்டால், பேஸ்புக்கின் உள்ளேயே திறக்கும் அந்தப் பக்கம் யார் கணக்கு? பக்கம் செய்தித்தளத்தின் சர்வரிலிருந்து வருவதால் சாதாரண டேட்டாவில்தான் கழியும். சாதாரண டேட்டா இல்லாதவருக்கு அது திறக்காது.

வேகத்தைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. செயலிப் பேக்கேஜ் மட்டும் போட்டவருக்குத் தலைப்பும் படமும் அதன் கீழே நடக்கும் சண்டையும் கிடைக்கும், செய்தி கிடைக்காது. 2018 மார்ச்சில் வதந்தி பரவுகிறதென்று செயலிகளை அடைத்த நாட்டில், வதந்தியைச் சரிபார்க்கும் பக்கத்துக்கு மட்டும் தனிக் காசு.

இந்தப் பேக்கேஜ்களின் கட்டணங்கள் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியோடு வருபவை. அதனால் ஒளித்துச் செய்யும் குற்றத்தைத் துப்பறியும் வேலை ஆணைக்குழுவுக்கு இல்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டு ஒழுங்குபடுத்தல் அமைப்பும் தன் நாட்டு நடுநிலை நிலவரத்தை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும், இங்கே அதில் பாதி செய்தாலே பெரிய விஷயம். ஒரு பேக்கேஜுக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், எந்தெந்தத் தளப் பெயர்களும் சர்வர் முகவரிகளும் அதில் அடங்கும், விளம்பரமும் வெளி இணைப்பும் எந்தக் கணக்கில் விழும் என்பதை எழுதிக் கொடுக்கட்டும். ஆணைக்குழு அந்தப் பட்டியலை மூன்று மொழியிலும் தன் இணையத்தளத்தில் போடட்டும். கழிக்கப்பட்டது சரியா பிழையா என்பதை அதற்குப் பிறகு சிம் வைத்திருக்கும் எவரும் 100 எம்பி செலவில் பார்த்துக்கொள்ளலாம்.